கண்ணாடியில் ஊற்றிய கடல்

சகீலாவுக்கு என்ன வேலை என்று கொச்சி மட்டாஞ்சேரியில் யாரைக் கேட்டாலும் ‘ஆக்சிஜன் பார்க்கிறாள்’ என்பார்கள். எங்கே, எதற்கு என்று மேலும் கேட்டால் பாதிப் பேர் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிடுவார்கள். கொரோனா நாட்களில் இந்தக் குழப்பம் அவளைப் படாத பாடு படுத்தியது. பஜார் ரோட்டுக்காரர்கள் அவள் எண்ணைத் தேடிப் பிடித்து, "ஒரு சிலிண்டர், சகீலாத்தா, ஒண்ணே ஒண்ணு" என்று கெஞ்சினார்கள். தான் பார்ப்பது கடல் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன், அதை மீனைத் தவிர யாரும் மூச்சிழுக்க முடியாது என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை வறண்டது. கடைசியில் தெரிந்த நர்ஸுகளிடமெல்லாம் பேசி நாலு வீட்டுக்குச் சிலிண்டரும் வாங்கிக் கொடுத்தாள். அதோடு அவள் ஆஸ்பத்திரிக்காரிதான் என்பது தெருவில் உறுதியாகிவிட்டது.

உண்மையில் அவள் எர்ணாகுளத்தில் ஒரு கடல் ஆய்வு நிலையத்தில் டெக்னீஷியன். வயது நாற்பத்து மூன்று. படிப்பு பி.எஸ்சி. வேதியியல். தினமும் காலையில் மட்டாஞ்சேரி படகுத்துறையில் படகேறிப் போய், கப்பலில் வந்திறங்கும் கண்ணாடிப் பாட்டில்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு, நீல நிறம் மறையும் அந்த ஒரு சொட்டைப் பிடிக்க வேண்டும். பதினெட்டு வருடங்களாக அதே மேசை. அந்த ஒரு சொட்டைச் சகீலா தவறவிட்டதாக நிலையத்தில் யாரும் சொன்னதில்லை. கடலுக்குப் போகும் விஞ்ஞானிகள் பாட்டில்களைக் கொண்டு வந்து கொடுத்து, எண்களை வாங்கிக்கொண்டு, கட்டுரை எழுதி, வெளிநாடு போய் வந்து சாக்லேட் கொடுப்பார்கள். சாக்லேட் நன்றாகத்தான் இருக்கும். கப்பலில் ஏறிக் கடலைப் பார்க்க மட்டும் அவளுக்கு வாய்க்கவில்லை.

அந்த வருடம் நார்வேயிலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. பல நாடுகள் சேர்ந்து நடத்தும் பயிற்சி. எட்டு வாரம், அதில் மூன்று வாரம் ஆய்வுக் கப்பலில். வழக்கமாக ஆராய்ச்சி மாணவர்களுக்கு மட்டுமே போகும் இடங்களில் சிலவற்றை, முதல் முறையாக, மேசை முன் நின்று வேலை செய்யும் டெக்னீஷியன்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஆய்வகப் பொறுப்பாளர் அனந்தநாராயணன் அதைப் படித்துவிட்டு நேராக அவள் மேசைக்கு வந்தார். பாலக்காட்டுக்காரர். அவளைவிட ஐந்து வயது இளையவர். மலையாளம் ஓடும் அந்த ஆய்வகத்தில் அவளிடம் மட்டும் தமிழில் பேசுவார், அதுவும் பெரும்பாலும் திட்டுவதற்கு.

"சகீலாக்கா, இதுக்கு உங்க பேரைக் கொடுக்கப் போறேன். பாஸ்போர்ட் இருக்கோ?"

"இல்ல சார்."

"பின்னே என்ன பார்த்துண்டு நிக்கறேள்? போய் எடுங்கோ!"

விண்ணப்பத்தோடு இன்னொன்றும் வேண்டியிருந்தது. பயிற்சி நடத்துகிறவர்கள் ஒரே கடலில் எடுத்த ஒரே தண்ணீரைச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களில் அடைத்து, இருபத்து மூன்று நாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்புவார்கள். அதில் நைட்ரேட் எவ்வளவு, பாஸ்பேட் எவ்வளவு, சிலிக்கேட் எவ்வளவு என்று அவரவர் அளந்து சொல்ல வேண்டும். தண்ணீர் ஒன்று என்பதால் எல்லோருடைய எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் விழ வேண்டும். யாருடைய எண் தள்ளி விழுகிறதோ அங்கே ஏதோ கோளாறு. விண்ணப்பிப்பவரே தன் கையால் அளக்க வேண்டும் என்பது நிபந்தனை.

சகீலாவுக்கு இந்த மூன்றும் புதிது. அவற்றை எப்போதும் அளக்கும் தன்யா பிரசவ விடுப்பில் இருந்தாள். அளக்கும் இயந்திரத்தை ஓட்டும் முறையை மட்டும் போனில் சொல்லிக்கொடுத்தாள். பார்சல் வந்த அன்று பிரித்தால், ஒரு பாட்டிலின் மூடி விரிசல் விட்டு ஈரம் கசிந்திருந்தது. இயந்திரத்துக்குள் எரியும் விளக்கு பழுதாகி, புதியது சென்னையிலிருந்து வர வேண்டும், மூன்று வாரமாவது ஆகும். அதுவரை இந்தத் தண்ணீர் கெடாமல் இருக்க வேண்டுமே. ஆக்சிஜன் மேசைக்காரிக்கு நம்பிக்கையான பாத்திரம் என்றால் அது கண்ணாடிதான். பதினெட்டு வருடங்களாகத் தண்ணீரைக் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறாள். தன் மேசையிலேயே மிக நல்ல பாட்டில்களாகப் பொறுக்கி, மூன்று முறை கழுவி, அவை நிறையும் வரை தண்ணீரை மாற்றி, மூடியைத் திருகி, குளிர்பெட்டியில் வைத்த பிறகுதான் அன்று படகேறினாள். பெட்டகத்தில் நகை வைத்துப் பூட்டியவள் போல நிம்மதியாக இருந்தது.

விளக்கு வந்தது. அளந்தாள். அனுப்பினாள். இரண்டு வாரத்தில் எல்லா நாட்டு எண்களையும் புள்ளி வைத்த வரைபடம் வந்தது. நைட்ரேட்டில் கொச்சிப் புள்ளி நட்ட நடுவில். பாஸ்பேட்டிலும் அப்படியே. சிலிக்கேட்டில் மட்டும் கொச்சி எல்லோருக்கும் மேலே தனியாக நின்றது. அதற்குச் சற்றுக் கீழே இன்னும் மூன்று நாலு புள்ளிகள் சிதறிக் கிடந்தன.

"பழைய மெஷின். புது விளக்கு செட் ஆகியிருக்காது" என்றார்கள் எல்லோரும். அனந்தநாராயணனும் அப்படித்தான் நினைத்தார். விண்ணப்பத்தை அனுப்ப இன்னும் நான்கு நாள் இருந்தது. இயந்திரக் கோளாறு என்று ஒரு வரி சேர்த்துவிடலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார்.

சகீலாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. விளக்கு சரியில்லை என்றால் மற்ற இரண்டும் எப்படிச் சரியாக வந்தன? பழைய பிளாஸ்டிக் பாட்டில்களை அவள் எறிந்திருக்கவில்லை. ஒன்றின் அடியில் இரண்டு விரல் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதை அளந்தாள். எண் இறங்கி, மற்ற நாட்டுக்காரர்களோடு போய் உட்கார்ந்தது. கண்ணாடியில் இருந்த மிச்சத்தை அளந்தாள். முன்னைவிட ஏறியிருந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கண்ணாடி என்பதே மணலை உருக்கிச் செய்தது. மணல் முழுக்கச் சிலிக்கா. பத்திரம் என்று அவள் ஊற்றி வைத்த பாட்டிலே, குளிர்பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்து சிலிக்கேட்டை ஏற்றியிருக்கிறது. நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அது தொடவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்று மாலை வீட்டில் சாயா ஆறிக்கொண்டிருந்தது. கணவன் கபீருக்குப் பஜாரில் ஏலக்காய், மிளகுக் கடை. முழுக் கதையையும் கேட்டான்.

"எல்லாரும் மெஷின்னு சொல்றாங்கல்ல? பின்னே என்னா? அந்தப் பாட்டில் வந்து சாட்சி சொல்லப்போவுதா?"

"அது சொல்லாது. எனக்குத் தெரியும்ல?"

"சொன்னா அந்த எடம் போயிரும் சகீ. தண்ணியை எதுல வைக்கணும்னு தெரியாதவளுக்கு எவன் கப்பல்ல எடம் குடுப்பான்?"

அது சரிதான். படகில் வரும்போது அவளும் அதையேதான் நினைத்தாள். வாழ்க்கையில் இனி ஒரு முறை இப்படிக் கதவு திறக்கப்போவதில்லை. அடுத்த வருடம் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள்.

"நம்ம புள்ளிக்குக் கீழ மூணு நாலு பேர் நிக்கிறாங்க" என்றாள். "அவங்களும் இதையே செஞ்சிருந்தாங்கன்னா? அவங்க மெஷினைத்தானே கழட்டிப் போட்டுப் பார்த்துக்கிட்டிருப்பாங்க? எத்தனை வருஷக் கணக்கைத் தப்புன்னு தூக்கிப் போடுவாங்களோ."

கபீர் பெருமூச்சு விட்டான். "கொழம்புல உப்பு கூடிப்போச்சுன்னா விருந்தாளி வாயில வைக்கிறதுக்கு முன்னாடியே நீயே போய்ச் சொல்ற ஆளு. உன்கிட்ட நான் என்னாத்தைச் சொல்றது? எழுது போ."

கல்லூரியில் படிக்கும் மகள் ஃபிதா ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுக்க, ஒரு பக்கக் குறிப்பு தயாரானது. எந்தத் தேதியில் மாற்றினாள், எந்தப் பாட்டில், எத்தனை நாள், பிளாஸ்டிக்கில் எவ்வளவு, கண்ணாடியில் எவ்வளவு, எல்லாம் அதில் இருந்தன. அடியில் கையெழுத்துப் போட்டு மறுநாள் அனந்தநாராயணனிடம் நீட்டினாள். அவர் படித்தார். மறுபடியும் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இதை அவா இருபத்து மூணு ஊருக்கும் அனுப்புவா, தெரியுமோ? உங்க பேர் வேண்டாம். ‘ஒரு ஆய்வகத்தில்’னு போட்டாப் போறும்."

"பேரில்லாத கடுதாசியை யார் சார் நம்புவாங்க? ஏதாவது சந்தேகம்னா யார்கிட்ட கேப்பாங்க? என் பேரைப் போடுங்க."

"விண்ணப்பமும் இதே கையோட போறது. யோசிச்சேளா?"

"யோசிச்சுட்டேன் சார்."

"பிடிவாதம் பிடிக்கறதுக்கு ஒரு பட்டம் கொடுத்தா நீங்க எப்பவோ டாக்டர் ஆகியிருப்பேள்" என்று எரிந்து விழுந்தவர், காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டார். "சரி, நான் டைப் பண்ணி அனுப்பறேன். போய் ஜோலியைப் பாருங்கோ."

அவள் போய் வேலையைப் பார்த்தாள். ஒரு மாதம் எந்தச் சத்தமும் இல்லை. பாஸ்போர்ட் மட்டும் தபாலில் வந்து சேர்ந்தது. அதை வாங்கும்போது தபால்காரர், "வெளிநாட்டு ஆஸ்பத்திரியில வேலையா சேச்சி?" என்று கேட்டார். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. பயிற்சிக்கு அவள் தேர்வாகியிருந்தாள். மூன்று முறை படித்தும் நம்பாமல், வேறு சகீலா யாராவது விண்ணப்பித்திருக்கிறார்களா என்று கேட்கச் சொல்லி அனந்தநாராயணனை நச்சரித்தாள். அவர் வழக்கம்போலத் திட்டினார். கபீர் அன்று கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தான்.

நார்வேயில் ஒரு துறைமுக ஊருக்குப் போய் இறங்கியபோது மே மாதம், ஆனால் கொச்சிக்காரிக்கு அது வெயில் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. இரண்டு சுவெட்டருக்கு மேல் கோட்டும் போட்டுக்கொண்டு முதல் நாள் வகுப்புக்குப் போனாள். பன்னிரண்டு நாட்டுக்காரர்கள். பக்கத்து இருக்கையில் மடகாஸ்கரிலிருந்து வந்த வோலா என்ற பெண், அவளைப் போலவே மேசைக்காரி. சகீலா தன் பெயரைச் சொன்னதும் வோலா எழுந்து நின்று அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எதற்கென்று கேட்பதற்குள் பயிற்சியை நடத்தும் மாரித் அம்மையார் வந்துவிட்டார்.

"முதல் பாடம் புத்தகத்திலிருந்து இல்லை" என்றார் மாரித். "கொச்சியிலிருந்து வந்த ஒரு குறிப்பு. இதை எல்லா ஆய்வகங்களுக்கும் அனுப்பிய பிறகு, நாங்களும் கண்ணாடியில்தான் வைத்தோம் என்று நான்கு ஆய்வகங்கள் எழுதின. அதில் ஒன்று, தன் இயந்திரத்தையே தூக்கிப் போடும் நிலையில் இருந்தது."

வோலா மெல்லக் கையை உயர்த்தி, "அது நாங்கள்" என்றாள்.

திரையில் குறிப்பு விரிந்தது. தேதிகள், பாட்டில், நாட்கள், எண்கள் எல்லாம் சகீலா எழுதியபடியே இருந்தன. கையெழுத்திட வேண்டிய இடத்தில் மட்டும் அவள் எழுதாத நான்கு வரிகள் இருந்தன.

‘எந்தப் பாட்டிலில் வைப்பது என்று எழுதிய செய்முறை எங்கள் ஆய்வகத்தில் இல்லை. அதை எழுதியிருக்க வேண்டியவன் நான். தவறுக்குப் பொறுப்பு: அனந்தநாராயணன். கண்டுபிடித்தவர்: சகீலா கபீர்.’

அதற்குப் பிறகு மாரித் சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. பாட்டிலைக் கழுவி ஊற்றியது அவள் கை. அதை எப்படி இந்த மனிதர் தன் தலையில் போட்டுக்கொள்ளலாம், அதுவும் ஒரு வார்த்தை கேட்காமல்? இடைவேளையில் வராந்தாவுக்கு ஓடிப் போய்ப் போன் போட்டாள். கொச்சியில் அப்போது மத்தியானம் தாண்டியிருந்தது.

"சார், ஏன் அப்படி எழுதினீங்க?"

"எழுதினதுல ஏதாவது பொய் இருக்கோ?" என்றார் அவர். பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. "அந்தச் செய்முறையை எழுதி செவுத்துல ஒட்டணம் ஒட்டணம்னு ஆறு வருஷமா நெனச்சுண்டிருந்தேன். ஒட்டலை. பின்னே யார் தப்பு?"

"உங்க பேரு எத்தனை பெரிய ஆளுங்க முன்னாடி..."

"அக்கா, என் பேருக்கு ஒண்ணும் ஆகாது. சாப்பிட்டேளோ? அங்கே குளிர் அதிகமோ?"

குளிர் அதிகம்தான் என்றாள். கோபம் போய், நன்றி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் போலிருந்தது. அந்த வார்த்தை வருவதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. போனைக் காதில் வைத்தபடி, அந்தப் பக்கம் அவர் வழக்கமில்லாத பொறுமையோடு காத்துக்கொண்டே இருந்தார்.