வெள்ளைத் தரையில் வெளுத்த மீன்

கும்மிடிப்பூண்டியில் டைல்ஸ் கம்பெனி வேலை எனக்கு. அங்கே கழித்துப்போட்ட வெள்ளைத் துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்து மீன் தொட்டியின் அடியில் பரப்பினேன். பளிச்சென்று இருந்தது. ஒரே வாரத்தில் என் சிவப்பு ஃபைட்டர் மீன் வெளுத்துப்போனது. அதை வாங்கிய பஜார் கடைக்கே எடுத்துப்போய், "சாயம் பூசி வித்துட்டியாக்கா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"தொட்டி அடியில இன்னாண்ணா போட்டுக்கீற?" என்றார் கடைக்கார அக்கா. சொன்னேன்.

"வெள்ளைத் தரையில ஒளிய முடியாம பயந்துக்கினு கீது. அதான் நெறத்தக் கொறச்சுக்கிச்சு."

மீனைக் கருப்பு மணல் போட்ட தொட்டியில் விட்டார். எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

டீயைக் குடிக்க மறந்து நின்றேன். கண்ணெதிரே, வால் நுனியிலிருந்து சிவப்பு மெல்ல ஊறி வந்தது.

இப்போது என் தொட்டியிலும் கருப்பு மணல்தான். அந்தச் சிவப்பைப் பார்க்கும்போதெல்லாம், நான் கத்திய கத்தலும் ஆறிப்போன அந்த டீயும்தான் நினைவுக்கு வருகின்றன.