ஆறடி நான்கு அங்குல அலைப்பலகை

தென்மேற்குக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்காசிக்குள் நுழையும் நாளில் ஊரார் எல்லோரும் குற்றாலத்தைப் பார்ப்பார்கள். அல்தாப் மட்டும் மலைக்கு அப்பால் இருப்பதை நினைத்துக்கொண்டிருப்பார். சாரலைக் கொண்டுவரும் அதே காற்றுதான் கேரளக் கரையில் அலையை எழுப்புகிறது என்பது அவருக்குத் தெரியும். ஐந்தருவியில் தண்ணீர் விழத் தொடங்கிவிட்டது என்று யாராவது சொல்லிவிட்டால் அவரால் ஓரிடத்தில் உட்கார முடியாது. கைப்பேசியை எடுத்து அலையின் உயரத்தையும், ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நொடிகளையும், காற்றின் திசையையும் பார்ப்பார். கீழே வைப்பார். கால்மணி நேரத்தில் மறுபடியும் எடுப்பார்.

அவருக்கு வயது நாற்பத்தொன்று. ஒமானில் ஒரு படகுப் பட்டறையில் பதினோராண்டுகள் ஃபைபர் வேலை பார்த்தவர். அங்கே பழுதுபார்க்க வந்த, கடலலை மேல் நின்று சறுக்கும் ஓர் அலைப்பலகையை ஒட்டிக் கொடுத்தவருக்கு, அதில் ஏறிப் பார்க்கும் ஆசையும் ஒட்டிக்கொண்டது. இப்போது செங்கோட்டைச் சாலையில், பெஞ்சமின் என்ற கூட்டாளியுடன் ஃபைபர் கதவும் தண்ணீர்த் தொட்டியும் செய்கிறார். நான் பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன்; அவருக்கு அடுத்த வீட்டுக்காரன்.

கொல்லத்துக்குத் தெற்கே, கடலுக்குள் நீளும் ஒரு கருங்கல் தடுப்பை ஒட்டி மணல்திட்டு ஒன்று உண்டு. மழைக்காலத்தில் அங்கே வரும் அலை சாய்வாக வராது. செங்குத்தாக எழுந்து, உள்ளே குடைந்துகொண்டு விழும். அதில்தான் முந்தைய ஆண்டு அல்தாப்பின் ஒன்பதடிப் பலகை மூக்கைத் தண்ணீருக்குள் குத்தி, அவரைத் தூக்கி எறிந்தது. வலத் தோள்மூட்டு இறங்கிவிட்டது. எட்டு வாரம் அவரால் பட்டறையில் தேய்ப்பு இயந்திரத்தைத் தூக்க முடியவில்லை.

தோள் ஆறியதும் அவர் மனைவி ஜைனப் ஒரு நிபந்தனை வைத்தார்.

"இன்னும் ஒரே ஒரு போர்டு. ஒரே ஒரு நாளு. அதுலயும் சரிப்படலன்னா, அத வெட்டி மொட்டமாடித் தொட்டிக்கு மூடியாப் போட்டுருவேன். தொட்டி தொறந்து கெடந்து கொசு முட்டையிடுது. அதுக்கப்புறம் கடலுங்கிற பேச்சே இந்த வீட்டுல கூடாது. சம்மதமா?"

அல்தாப் சம்மதித்தார். சொன்ன சொல்லை மீறும் வழக்கம் அவருக்கு இல்லாததால், அந்தப் பலகையின் வடிவத்தைத் தீர்மானிப்பது அவருக்கு வாழ்வின் பிரச்சினையாகிவிட்டது.

பட்டறையில் அதைப் பற்றிப் பேச்சு ஓயவில்லை.

"ஏலே, அந்த ஒம்போதடிப் போர்டுக்கு என்ன கொற? நானே அதுல பாய விரிச்சுப் படுப்பேன்" என்றார் பெஞ்சமின்.

"படுக்கதுக்குத்தாம்ல அது லாயக்கு. மெதுவாச் சரியிற அலைக்கு நீளம் வேணும். இது சரியாது, செவுரு மாதிரி எந்திக்கும். நீளமும் தட்டையுமா இருந்தா மூக்குதான் மொதல்ல உள்ள போவும்."

"அந்தக் கொடையிற அலைக்குள்ள அப்படி என்னத்த வச்சிருக்கு?"

"மெயின் அருவியில, தண்ணிக்கும் பாறைக்கும் நடுவுல ஒதுங்கி நிப்போம்லா? முன்னால தண்ணி விழும், நம்ம மேல விழாது. அந்த எடந்தான். என்ன, இங்கன அது நிக்கும், அங்கன ஓடும். கூடவே நாமளும் ஓடணும்."

"விசில் ஊதி வெளிய வரச் சொல்ல அங்கன போலீஸ் உண்டா?"

"அலையே சொல்லிரும்ல."

மூன்று நாள் காலையில் அவர் குற்றாலத்துக்குப் போனார். மேலிருந்து விழும் நீர் அருவியின் நடுவே பொங்குமாங்கடல் என்ற பாறைக்குழியில் மோதி, வெளியே வளைந்து பாயும் விதத்தைப் பார்த்துவிட்டு வந்து, என் மேசையில் தாளை விரித்தார். பலகையின் அடியை மூக்குப் பக்கம் எவ்வளவு மேல்நோக்கி வளைப்பது என்பதுதான் முதற் கேள்வி. முதல் வரைபடத்தில் வளைவு ஏழு அங்குலம் வந்தது. அதைப் பார்த்த பெஞ்சமின், "சுளுக்குப் பிடிச்ச வாழக்காய்" என்றார். வளைவு மிகுந்தால் பலகை தண்ணீரை முன்னால் தள்ளும், வேகம் குறையும், அலை விழுவதற்குள் அதில் ஏறிக்கொள்ள முடியாது. குறைந்தாலோ மூக்கு குத்தும். நான்காம் வரைபடத்தில் ஐந்து அங்குலத்தில் வந்து நின்றோம்.

அடுத்தது வால். அகன்ற வால் செங்குத்தான நீர்ச்சுவரில் மிதந்து வழுக்கிவிடும். ஒடுங்கிய வால் சற்று அமிழ்ந்து நீரைப் பற்றிக்கொள்ளும். ஆகவே வாலை ஒடுக்கினார். இரவில் அகலமாக்கினார். விடிந்ததும் மீண்டும் ஒடுக்கினார். வரைவதும் அழிப்பதுமாகப் போன அந்த இரண்டு வாரமும் அவர் ஒரு வேளையாவது முழுதாக உண்டதில்லை. பாதிச் சோற்றில் தட்டைச் சாய்த்து, அதன் விளிம்பை விரலால் தடவி, பலகையின் ஓரம் எவ்வளவு கூர்மையாக இருக்கவேண்டும் என்று யோசித்துக்கொண்டிருப்பார் என்று ஜைனப் குறைப்பட்டுக்கொண்டார்.

இறுதியில் நீளம் ஆறடி நான்கு அங்குலம், அகலம் பத்தொன்பது அங்குலம், மூக்கு வளைவு ஐந்து, வால் வளைவு இரண்டரை, அடியில் மூன்று சிறு துடுப்புகள் என்று முடிவாயிற்று. நுரைக்கட்டையைச் சீவி, ஃபைபர் துணி போர்த்தி, ரெசின் பசை பூசி முடித்தார். காலும் மார்பும் வழுக்காமலிருக்க, மேற்புறம் முழுவதும் மெழுகைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினார்.

ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் அலையும் காற்றும் ஒத்துவந்தன. அன்று விடியற்காலையில் ஜைனப் நல்லெண்ணெயைச் சூடாக்கி, கணவரின் பழைய காயத்தோளில் தொடங்கி உள்ளங்கால் வரை அழுந்தத் தேய்த்துவிட்டார். சீசனில் எண்ணெய் தேய்க்காமல் முதல் அருவிக்குளியல் போடுபவர் எங்கள் பக்கத்தில் இல்லை. அருவியடி தோளுக்கு நல்லது என்பதும் ஓர் எண்ணம். செங்கோட்டைக்குப் போகும் வழியில் ஐந்தருவியில் நின்று குளித்தார் அல்தாப். அருவியில் சோப்புக்கும் சீயக்காய்க்கும் தடை. அப்படியே துவட்டிக்கொண்டு, போர்வையில் சுற்றிய பலகையுடன் கொல்லம் வண்டியில் ஏறினார்.

மறுநாள் முற்பகலில் திரும்பினார். பலகையை முற்றத்துச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார்.

"மூக்கு குத்தல" என்றார் என்னிடம். "வளைவு சரி. ஆனா எந்திச்சு நின்ன ஒடனே வால் எனக்கு அடியிலேர்ந்து ஓடிப்போச்சு, சார். மூணு அலையிலயும் அதே கததான். வால இன்னும் ஒடுக்கியிருக்கணும்."

"தோளு?" என்று கேட்டார் ஜைனப்.

"அதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா பேசுன பேச்சு பேச்சுதான். மூடிக்கு அளவு எடுங்க."

அவர் முற்றத்தின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நடந்தார். கைப்பேசியை எடுத்தார், எதையும் பார்க்காமலே பைக்குள் போட்டார். பிறகு பட்டறைக்குப் போய் வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். நான் தொட்டியின் வாயை அளந்தேன். பதினெட்டு அங்குலம். பலகையின் நடுப்பகுதி மிகச் சரியாகப் பொருந்தும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆயினும் சொன்னேன்.

குடிதண்ணீருக்கு மூடியாகப் போகிற பொருள் என்பதால், வெட்டுவதற்கு முன் கழுவவேண்டும் என்றார் ஜைனப். தேய்க்கும் நாரையும் வாளியையும் கொண்டுவந்து குனிந்தவர், சற்று நேரத்தில் நிமிர்ந்தார். மெழுகு மஞ்சள் பாரித்துக் கொழகொழவென்று கையோடு வந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனார். கணவரைப் பார்த்தார். மறுபடியும் விரலைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் அவர் நாரை அழுத்தி இரண்டு தேய்ப்புத் தேய்த்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். கடல் என்ற பேச்சே வீட்டில் இருந்திராது. ஓராண்டாக அவர் வேண்டியதும் அதுதான். நாரை வாளிக்குள் போட்டார்.

"மிஷின கீழ வைங்க" என்றார் பிறகு.

"ஏன்?"

"நல்லெண்ண வாசன வருது."

அல்தாப்புக்கு விளங்கவில்லை.

"நாந்தான தேச்சுவிட்டேன், உள்ளங்கால் வரைக்கும். நீங்க சீயக்கா போடாம அப்படியே வண்டியேறிட்டிய. இந்த மெழுகு பூரா எண்ணெ. இதுல ஏறுனா வாலு என்ன செய்யும், மூக்கு என்ன செய்யும்? ஓடுனது போர்டு இல்ல, ஒங்க காலு."

அல்தாப் குனிந்து மெழுகைத் தொட்டுப் பார்த்தார். முகர்ந்தார். ஒமானில் கடலுக்குப் போகுமுன் எண்ணெய் தேய்த்துவிட யாரும் இருக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கவேண்டும்.

"நீ சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார் மெல்ல.

"இருந்திருக்கலாம்தான். அப்புறம் தொட்டியில மோக்குற ஒவ்வொரு கொடத்துக்கும் எனக்குல்லா குத்தும்? நேத்து நாளு கணக்குல இல்ல. இன்னொரு நாளு போங்க. ஒண்ணே ஒண்ணு."

பழைய மெழுகை வெந்நீர் ஊற்றிச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகத் தேய்த்தார்கள். சனிக்கிழமை அவர் புறப்படுமுன் ஜைனப் இரண்டு முறை சீயக்காய் போட்டுக் குளிக்க வைத்தார். அருவிப்பக்கம் வண்டியை நிறுத்தக்கூடாது என்றும் சொல்லியனுப்பினார். அன்று பகல் முழுவதும் கைப்பேசியை எடுப்பதும் வைப்பதும் ஜைனப்பின் வேலையாயிற்று. மாலையில் குடையை எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போய் வந்தார்.

ஞாயிறு மதியம் அல்தாப் வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"எறிஞ்சுதா?" என்றார் ஜைனப்.

"மொதல்ல ஒண்ணு எறிஞ்சுது. அடுத்ததுல அஞ்சு நொடி உள்ள நின்னேன். முன்னால தண்ணி விழுது, மேல ஒரு சொட்டுப் படல."

"தோளு?"

"இருக்கு."

ஜைனப் சோறு பரிமாறினார். பிறகு, போகிற போக்கில் சொல்வதைப்போல, "தொட்டிக்கு பிளாஸ்டிக் மூடி வாங்கிப் போட்டாச்சு. நேத்தே" என்றார்.

அல்தாப் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாதிச் சோற்றில் கையை நிறுத்தி, தட்டை லேசாகச் சாய்த்து என் பக்கம் திரும்பினார்.

"சார், மூக்கு வளைவுல கால் இஞ்சு கூடிப்போச்சோன்னு தோணுது."

"தட்டக் கீழ வச்சுச் சாப்புடுங்க, மொதல்ல" என்றார் ஜைனப்.