டின்னுக்குக் கால் முளைத்த தீபாவளி

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுக்குக் கீழே ஒரு முஸ்லிம் அன்ரி இருக்கிறார். ஹஜ் பெருநாளுக்கு அவர் கிண்டிய மஸ்கட் அல்வா, நீளமான பிஸ்கட் டின் ஒன்றில் எங்களுக்கு ஏறி வந்தது. மஸ்கட் அன்று மாலையே முடிந்தது. டின்னை மட்டும் உடனே திருப்ப முடியாது. வெறும் டின்னைக் கொடுப்பது மரியாதையில்லை. தீபாவளிப் பலகாரம் நிரப்பித்தான் அனுப்பவேண்டும். ஆகவே அது ஃபிரிட்ஜின் மேல் உட்கார்ந்து மாதக்கணக்காகத் தீபாவளியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இது மனைவியின் கணக்கு. எனக்கு அது பெருநாள் மிச்சம், அவ்வளவுதான்.

மகள் பஸ் கேட்டாள். டின்னை இறக்கி, ஆணியால் துளைத்து, அவள் பள்ளிக்கூடத்துக்குச் செய்த வெசாக் விளக்குக் கூட்டில் மிஞ்சிய மூங்கில் குச்சிகளைச் செருகி, சோடா மூடிகளைச் சில்லாக்கினேன். முன்னால் ஒரு கயிறு. “கொட்டுவ! கொட்டுவ!” என்று, கோட்டைக்கு ஆளேற்றும் காலி வீதி பஸ் கண்டக்டரைப் போலக் கூவிக்கொண்டு வீடு முழுக்க இழுத்தாள். “இஸ்ஸரஹட்ட யன்ன!” என்று அவள் சிங்களத்தில் அதட்ட, குசினியில் நின்ற தாய்கூட முன்னுக்குத் தள்ளி நிற்கவேண்டியதாயிற்று.

தீபாவளி காலையில் மனைவி கேட்டார்: “அன்ரியின்ர டின் எங்கையப்பா?”

“எந்த டின்?”

அந்த நேரம் பார்த்துப் பஸ் வந்தது.

“ஐயோ, நாலு பக்கமும் ஓட்டை! நான் என்ன முகத்தோட இதை அவவுக்குக் குடுக்கிறது?”

“சில்லைக் கழட்டிப்போட்டுக் குடுப்பம்.”

மகள் பஸ்ஸின் மேல் குப்புற விழுந்தாள். “கழட்டினா நான் புதுச்சட்டை போடமாட்டன்!”

“செய்தவரே கொண்டுபோய்க் குடுக்கட்டும்” என்று மனைவி முறுக்கை அதற்குள்ளேயே அடுக்கிவிட்டார்.

நான் பஸ்ஸைத் தூக்கிக்கொண்டு படியிறங்க, மகள் கயிற்றை விடாமல் பின்னால் வந்தாள். கதவைத் திறந்த அன்ரி குனிந்து பார்த்தார்.

“அல்லாவே, எங்கட டின்தானே? நான் அனுப்பக்குள்ள இதுக்குக் கால் இருக்கல்லயே மகன்!”

“கழட்டாதேங்கோ அன்ரி” என்றாள் மகள், அழுகைக்குப் பக்கத்தில் நின்று.

அன்ரி முறுக்கைத் தட்டில் கொட்டினார். உள்ளே போய், ஒரு கை பேரீச்சம்பழம் கொண்டுவந்து டின்னில் போட்டார். “வெறும் பஸ்ஸ மேல அனுப்பேலுமா? கொண்டு போ புள்ள.”

வீட்டில் மனைவி டின்னுக்குள் பார்த்தார்; பிறகு என்னைப் பார்த்தார்.

“திரும்பவும் நிரப்பி விட்டிருக்கிறா. இனிப் பொங்கலுக்கு நாங்கள்தான் அனுப்பவேணும். சக்கரைப்பொங்கல் ஒழுகாமல் முதல்ல ஓட்டையை அடையுங்கோ.”

“அடைச்சா சில்லு சுத்தாதம்மா!”

பஸ் பேரீச்சம்பழத்துடன் கொட்டுவவுக்குப் புறப்பட்டுவிட்டது.