சுவரில் மாட்டிய மீன்கார அக்கா

செங்கல்பட்டில் ஒரு பாலிடெக்னிக்கில் மாஸ் கம்யூனிகேஷன் டிப்ளமோ சேர்ந்தபோது என் மூத்த மகள் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். பத்தாவது பாஸ் செய்திருந்தால் போதும் என்றார்கள். எனக்கு இருந்த படிப்பும் அவ்வளவுதான். உள்ளூர் கேபிள் சேனல் ஒன்றில், டிப்ளமோ முடித்துவிட்டு வந்தால் கோயில் விசேஷங்களைப் படம் பிடிக்கும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பெருமாள் காட்டிய வழி என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்காரரும் தடுக்கவில்லை. மதியச் சாப்பாட்டைக் காலையிலேயே கட்டிவைத்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

வீடு சிங்கப்பெருமாள் கோயில் ஊரில். காலையில் விளக்கேற்றி, நரசிம்மர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். முதல் நாள் கேமராவைக் கையில் கொடுத்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "ஆன்ட்டி, லென்ஸ்ல குங்குமம் ஒட்டிக்கப் போவுது!" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். வகுப்பில் எல்லோருக்கும் நான் ஆன்ட்டிதான். பாடம் எடுத்த சார் என்னைவிட வயதில் சிறியவர். அவர் மட்டும் "அம்மா" என்பார்.

கடைசி வருடம் ஆளுக்கொரு ஆவணப்படம் எடுக்க வேண்டும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில், கரையில் மீனை ஏலம் எடுத்து ஊர் ஊராகக் கூடை சுமந்து விற்கும் ஓர் அக்காவை நான் பிடித்துவைத்திருந்தேன். வாரத்தில் ஒரு நாள் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்துப் போவேன். முதலில் சும்மா பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம் ஒரு போட்டோ எடுக்க விட்டார். கூடையை இறக்கிவைத்துவிட்டு நெற்றி வேர்வையைத் துடைக்கும்போது எடுத்தது. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். சார் அதைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, வகுப்பு கண்காட்சிக்கு மாட்டச் சொன்னார். வீடியோ எடுப்பதை ஆயுத பூஜைக்குப் பிறகு தொடங்குவதாக ஏற்பாடு.

பாலிடெக்னிக்கில் ஆயுத பூஜையை விடுமுறைக்கு முந்தின நாளே கொண்டாடிவிடுவார்கள். எங்கள் துறையில் பூஜை செய்யத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று எல்லோருமாக முடிவு செய்துவிட்டார்கள். அக்காவையும் அவர் வீட்டுக்காரரையும் அன்றைக்கு வரச் சொல்லியிருந்தேன். படத்தைப் பார்த்துவிட்டுப் பொரியும் சுண்டலும் சாப்பிட்டுப் போகட்டும் என்று ஆசை.

நான் ஸ்டூடியோ அறையில் கேமரா, மைக், ட்ரைபாட் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே பூப்பந்தோடு முதல் வருடப் பெண்கள் நின்றார்கள். "எதுக்கெல்லாம் பூ போடணும் ஆன்ட்டி?" என்று ஒருத்தி கேட்டாள். "எல்லாத்துக்கும் போடு. ஒண்ணையும் விடாத. குங்குமமும் வையி" என்றேன். தொழில் கருவி எதையும் விடக்கூடாது என்ற நினைப்பில் சொன்னது.

தீபாராதனை முடிந்து வெளியே வந்தேன். கண்காட்சிச் சுவரில் இருந்த அத்தனை படங்களுக்கும் மாலை போட்டிருந்தார்கள். டீக்கடை நாய்க்கு மாலை. செங்கல்பட்டு ஸ்டேஷனில் நிற்கும் மின்சார ரயிலுக்கு மாலை. நாங்கள் எங்களையே எடுத்துக்கொண்ட படங்களுக்கும் மாலை. அக்காவின் கண்ணாடியில், சரியாக நெற்றி நடுவில், சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமப் பொட்டு.

கழற்றச் சொல்ல வாயெடுப்பதற்குள் இரண்டு பேரும் வாசலில் நின்றிருந்தார்கள்.

அக்காவின் வீட்டுக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. "ஏம்மா, உயிரோட கீற பொம்பளைக்கு மாலையா? நான் தெனம் கடலுக்குப் போறவன். இதைப் பாத்துட்டு எப்டிமா போட்டுல ஏறுவேன்?"

"அண்ணே, தெரியாம பசங்க..."

"தெரியாம இன்னா? சாவு வூட்டுப் படம் எப்டி இருக்கும்னுகூடவா தெரியாது? படிக்கிற எடம்தானே இது?"

பூ போட்ட பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். அக்கா படத்துக்குக் கிட்டே போய் நின்று பார்த்தார். "வுடுய்யா. பூவும் பொட்டுமா போயிட்டேன் பாரு. எத்தினி பேருக்குக் கெடைக்கும்?" என்றார். பக்கத்தில் மாலையோடு இருந்த என் படத்தைப் பார்த்துவிட்டு, "தொணைக்கு நீயும் வந்துட்டியா தங்கச்சி?" என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். ஆனால் முந்தானையால் அந்தப் பொட்டை அழுத்தித் துடைத்தெடுத்தார். பொரியைக் கையில் வாங்கவில்லை. இருவரும் போய்விட்டார்கள்.

அடுத்த வாரம் கரைக்குப் போனேன். கேமராப் பையைப் பார்த்ததும் அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் நடந்தார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. "வேற ஆளைப் பாருங்கம்மா, நாள் இல்ல" என்றார் சார். ஆவணப்படம் இல்லாவிட்டால் டிப்ளமோ ஒரு வருடம் தள்ளிப்போகும். கேபிள் சேனலில் அதுவரை காத்திருக்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியும். இருந்தாலும் வேறு ஆளைப் பார்க்க மனம் வரவில்லை. ஒருத்தியைச் சாகடித்துவிட்டு இன்னொருத்தியிடம் போய்ச் சிரித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

மூன்றாம் முறை பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். ஏலம் முடிந்து அக்கா மணலில் உட்கார்ந்து மீனைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்க நட்சத்திரம் இன்னா?"

"எதுக்கு?"

"உங்க ஊரு அம்மனுக்கு உங்க பேர்ல அர்ச்சனை பண்ணலாம்னு."

"நட்சத்திரம் யாருக்குத் தெரியும்? அம்மனுக்கு என்னைத் தெரியும். பேரைச் சொல்லு, போதும்."

அர்ச்சனை செய்து பிரசாதத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். குங்குமத்தை எடுத்து வைத்துக்கொண்டார். வலை சரிசெய்துகொண்டிருந்த அவர் வீட்டுக்காரரிடமும் நீட்டினேன். வாங்காமல் வலையைக் கீழே வைத்தார். அப்புறம், "அந்தப் படம் எங்க கீது?" என்றார்.

"பாலிடெக்னிக்ல."

"எடுத்துகினு வா. மாலை வுழுந்த படம் கரையில இருக்கக் கூடாது, கடல்ல வுட்டுடணும்."

மறுநாளே கொண்டுபோனேன். அக்காவின் வீட்டுக்காரர், கண்ணாடி காலில் குத்தும் என்று அதைக் கழற்றிவிட்டு, சட்டத்தையும் படத்தையும் போட்டில் ஏற்றி, அலை தாண்டிப் போய் விட்டுவிட்டு வந்தார். படத்தை எடுக்கப் போனபோதே கம்ப்யூட்டரில் இருந்ததையும் நான் அழித்துவிட்டேன். யாரும் அழிக்கச் சொல்லவில்லை. ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றைக் கடலில் விடுவது சாமிக்கு முன்னால் சரியாகப் படவில்லை.

போட்டை மேலே இழுத்துவிட்டு அவர் சொன்னார்: "இப்ப எடுத்துக்க. மூஞ்சி மட்டும் வேணாம்."

அப்படியே எடுத்தேன். கேமரா எழுந்தால் அக்கா திரும்பிக்கொள்வார். ஏலத்தில் கத்துவது, கூடையைச் சும்மாட்டின்மேல் ஏற்றுவது, பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை போடுவது எல்லாமே பின்னாலிருந்துதான். மீன் வாங்க வந்தவர்களின் முகங்கள் படத்தில் விழுந்தன. விற்றவரின் முகம் விழவில்லை.

தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர் முழுவதையும் பார்த்துவிட்டு, "ஏம்மா, இவங்க முகமே வரலையே?" என்று கேட்டார். "அவங்க கொடுக்கல சார்" என்றேன். மார்க் போட்டார். அதிகமில்லை, பாஸ் ஆகும் அளவுக்கு. சேனலில் வேலையும் கிடைத்தது.

அக்காவுக்குப் படத்தைக் காட்டாமல் இருக்க முடியவில்லை. போனில் ஏற்றிக்கொண்டு போனேன். இருவரும் போட்டின் நிழலில் உட்கார்ந்து, வெயிலுக்குத் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு, கடைசிவரை பார்த்தார்கள்.

"இன்னா தங்கச்சி, என் முதுகு இவ்ளோ அகலமா?"

"நான் சொன்னப்பல்லாம் நம்பலையே நீ" என்றார் அவர் வீட்டுக்காரர்.

அக்கா அவர் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தார். பிறகு போனை என் பக்கம் நீட்டி, "கண்டக்டரோட சண்டை போடறது வருமே, அத்த இன்னொரு வாட்டி போடு" என்றார்.