மணப்பட்டுக் கடலில் என் ஞானஸ்நானம்

தம்பி பாகூர் ஏரியில் மூழ்கி இறந்ததிலிருந்து எனக்குத் தண்ணீர் என்றாலே நடுக்கம். ஆனால் எங்கள் சபையில் தலையில் தெளித்தால் போதாது. முழுவதும் மூழ்கி எழுந்தால்தான் ஞானஸ்நானம். வருடக்கணக்கில் தள்ளிப்போட்டேன்.

கடைசியில் போன வருடம் மணப்பட்டுக் கடற்கரைக்குப் போனேன். தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் கரைக்கு ஓடிவந்துவிட்டேன். மறுபடி போனேன், மறுபடி ஓடிவந்தேன். இடுப்பளவு நீரில் பாஸ்டர் காத்துக்கொண்டிருந்தார்.

மணலில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கிட்டே வந்தார். “இன்னாம்மா, போறதும் வர்றதுமா இருக்க?” என்றார். தம்பியைப் பற்றிச் சொன்னேன். அவர் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தார்.

“எங்க வூட்டுக்காரரு இந்தக் கடல்லதான் போனாரு. அப்பறம் நானும் இதுல கால் வெக்கல. நான் உங்க கோயில் இல்லம்மா. ஆனா நீ எறங்கினா நானும் எறங்கறேன், வா.”

கையைப் பிடித்துக்கொண்டு இருவரும் இறங்கினோம். பாஸ்டர் என்னை மூழ்கவைத்தார். உள்ளே எதுவும் கேட்கவில்லை. அந்தக் கையின் பிடி மட்டும் தளரவில்லை. எழுந்தபோது என்னைவிட அந்த அம்மாதான் அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தார்.

தண்ணீரைக் கண்டால் இன்றும் மனம் பதறத்தான் செய்கிறது. ஆனால் ஞானஸ்நானம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், வேத வசனத்துக்கு முன்னால் அந்த அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வருகிறது.