அடியில் போன கல்

நாலைந்து வருஷத்துக்கு முன், ஆடிக் கிருத்திகை நெருங்கும் சமயம். கனகம்மாசத்திரம் பக்கம் ரோடு அகலப்படுத்தும் வேலையில் கூலியாக இருந்தேன். ஓரத்தில் ஒரு பழைய கிணறு. திருத்தணி மலைக்கு நடந்து போகிறவர்கள் ஒரு காலத்தில் அதில் தண்ணீர் குடித்தார்கள். அதை மூடச் சொன்னார்கள். மூடிக்கொண்டிருந்தோம்.

மதியம் பஸ்ஸிலிருந்து வயதான பாய் ஒருவர் இறங்கினார். சட்டைக் காலர் நைந்திருந்தது. கிணற்றைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“பேரு வெட்டின கல்லு ஒண்ணு இங்க இருந்துச்சே நைனா?” என்று என்னைக் கேட்டார்.

அவருடைய தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் சட்டசபை மெம்பராம். கிணறு வெட்டியவர் அவர்தானாம். அப்போது முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி. முஸ்லிம்கள் மட்டும்தான் அவருக்கு ஓட்டுப் போட முடியும்.

“காவடி எடுத்துகினு போறவங்க ஓட்டு ஒண்ணுகூட அவருக்கு வராது. தெரிஞ்சேதான் வெட்டினாரு” என்றார்.

மேஸ்திரி சிரித்தார். “மெம்பர் பேரன் பஸ்ல வர்றீங்களே பாய்?”

“நெலத்தையெல்லாம் வித்து ஊருக்குச் செஞ்சாரு. எங்களுக்கு பஸ்தான் மிச்சம்.” அவரும் சிரித்தார். பிறகு, “அந்தக் கல்லக் குடுத்துடுங்க, எடுத்துகினு போயிடறேன். அவரு பேரு வேற எங்கயும் இல்ல” என்றார்.

கிணறு மூடும்போது பெரிய கல்லைத்தான் முதலில் தள்ளுவோம். அப்புறம் சின்னக் கல், மேலே மண். இல்லாவிட்டால் ரோடு உள்வாங்கும். அங்கே இருந்ததிலேயே பெரிய கல் அதுதான். காலையில் முதலில் போனதும் அதுதான்.

நான்தான் சொன்னேன். “அடியில கீது பாய்.”

“எடுக்க முடியாதா?”

“முடியாதுங்க.”

கிணற்றின் நடுவில் ஒரு பைப் நட்டிருந்தோம். மூடின கிணறு மூச்சு விடவேண்டும் என்று எங்கள் பக்கத்தில் அப்படி வைப்பார்கள். எதற்கு என்று பாய் கேட்டார். சொன்னேன். மண்டி போட்டுக் குனிந்து பைப்பில் வாய் வைத்துத் தாத்தா பேரைக் கூப்பிட்டார். காது வைத்துக் கேட்டார். பிறகு முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, எதிர்ப்பக்கம் போய் பஸ்ஸுக்கு நின்றார்.

ரோடு போடும்போது பைப்பை மட்டமாக அறுத்துத் தார் ஊற்றினோம்.

கிருத்திகைக்குக் காவடிகள் இப்போது அதன் மேலேதான் போகின்றன. தார் சுடுகிறது என்று கால் மாற்றி மாற்றி ஓடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது அந்தப் பேர் வாய்வரை வரும். சொல்லி இனி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று விழுங்கிவிடுவேன்.