கண்ணாடியில் இல்லாத கரி

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். கப்பலிலிருந்து நிலக்கரி அள்ளுகிற வேலை. மேலே கேபின் கண்ணாடியில் கரித்தூள் அப்பிக்கொள்ளும். ஷிப்டு முடித்து இறங்குகிறவன் துடைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். துடைக்காதவனை நாங்கள் மதிப்பதில்லை.

ஒருநாள் காலை ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியில் ஒரு கரும்புள்ளி. பக்கத்தில் நூல் மாதிரி ஒரு இழை. துடைத்தேன், போகவில்லை. முந்தின ஷிப்டுக்காரனுக்குப் போன் போட்டேன். "ஏலே, இந்த லட்சணத்துல துடைக்கதுக்கு ஒனக்கு எதுக்குலே துணி?" மூன்று நாள் இதே ஏச்சு.

நாலாம் நாள் அவன் இறங்காமல் காத்திருந்தான். என் முன்னாலேயே கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்தான். பிறகு புதுத் துணி எடுத்து இன்னொரு தடவை துடைத்து, என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"இங்கன பாரும் அண்ணாச்சி, கரி எங்க இருக்கு? போயி ஒம்ம கண்ணக் கழுவும்."

துணி வெள்ளையாக இருந்தது. அதன் மேலும் அந்தப் புள்ளி நின்றது. பார்வையைத் திருப்பினால் கூடவே வந்தது. வலது கண்ணை மூடினேன். புள்ளி இல்லை. திறந்தேன். மறுபடி வந்து நின்றது.

"தூசிதாம்லே" என்று அவனை அனுப்பிவிட்டேன். கண் போனால் கிரேன் போச்சு. அந்தப் பயத்தில் பொய் சொன்னேன். முட்டாள்தனம்.

கொஞ்ச நேரத்தில் வலது ஓரத்தில் பளிச் பளிச்சென்று வெளிச்சம் வெட்டியது. பிறகு கீழிருந்து ஒரு நிழல் ஏறியது. கரி அள்ளும் கிராப்பை இறக்கிக்கொண்டிருந்தேன். கீழே நின்று வழிகாட்டும் சிக்னல்மேன் வாக்கி டாக்கியில் அலறினான்: "நிறுத்தும்வே! கீழ நான் நிக்கேன்!"

அவன் நின்றது வலது ஓரத்தில், இடது கண்ணுக்கு எட்டாத அந்த நிழலுக்குள். கிராப்புக்கும் அவன் தலைக்கும் இரண்டு ஆள் உயரம்கூட இல்லை.

கிரேனை நிறுத்திவிட்டு, கைப்பிடியைத் தடவித் தடவி ஏணியில் இறங்கினேன். நேரே கண் ஆஸ்பத்திரி. மருந்து விட்டுப் பார்த்த டாக்டரம்மா, விழித்திரை கிழிந்து பிரிகிறது என்றார்.

"புள்ளி நிறையப் பேருக்கு வரும், பெரும்பாலும் பயமில்ல. ஆனா திடீர்னு வந்தா அன்னைக்கே காட்டணும். வெளிச்சம் வெட்டினாலும், நிழல் விழுந்தாலும் அப்படித்தான். நாலு நாளா என்ன செஞ்சீங்க?"

"ஒருத்தன ஏசிக்கிட்டு இருந்தேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாளே ஆபரேஷன். நிழல் போய்விட்டது. சில புள்ளிகள் மிச்சம். ஷிப்டுக்காரனிடம் மன்னிப்புக் கேட்டேன். "மூணு நாள் ஏச்சுக்கு மூணு வடை வாங்கித் தாரும்" என்றான். கிரேனில் ஏற டாக்டர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

தினமும் காலையில் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வெள்ளைச் சுவரைப் பார்க்கிறேன். நேற்றிருந்த புள்ளிகள்தானா, புதுசு ஏதும் உண்டா? பார்த்து முடிக்கிறவரை மூச்சு வருவதில்லை.